திரும்ப வாங்காத துப்பாக்கி

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார மனசில்லாமல், விழுப்புரத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியின் கிளையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலை. அப்படி வந்ததுதான் அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 'துப்பாக்கி வீடு' என்றால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

காலையில் கான்வாஸ் உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்புவார். சாயங்காலம் வந்ததும் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுவார். தோட்டாக்களை அங்கே வைக்கமாட்டார். அவை வேறு இடத்தில், வேறு பூட்டில். எந்த இடம் என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தபோது, என்னிடம் ஏன் மறைத்தார் என்று கொஞ்ச காலம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்படிப்பட்டவள்தான். அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பருப்பு மூட்டை வந்தால் வாய் தைத்திருக்கிற நூல் பிரித்துத் தைத்ததா என்று பார்ப்பேன். முட்டை இறக்கும்போது வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பேன். யாரையும் வாய்விட்டுத் திருடன் என்று சொன்னதில்லை. யாரை நம்பியும் ஸ்டோர் சாவியைக் கொடுத்ததுமில்லை.

தேர்தல் தேதி அறிவித்தால், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். காவல் வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி எழுதிக் கேட்டால் விலக்கு கிடைக்கும். முன்பெல்லாம் இவருக்கு அப்படிக் கிடைத்திருக்கிறது. கடைசியாக வந்த தேர்தலில் மட்டும், அறிவிப்பு வந்த மறுநாளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். இந்த தபா விலக்கு கிடைக்கவில்லை என்றார்.

நான் சரி என்றுதான் விட்டேன். ஆனால் அந்த வாரமே மார்க்கெட்டில், அதே கம்பெனியின் வேறு கிளையில் காவலுக்கு இருப்பவருடைய மனைவியைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் வழக்கம்போலத் துப்பாக்கியோடுதான் வேலைக்குப் போகிறாராம். கேட்ட எல்லோருக்கும் விலக்கு கொடுத்தார்கள் என்றாள். அப்படியானால் இவர் கேட்கவில்லை. கேட்காமல், கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது அவருக்குப் பூஜை மாதிரி. ஒப்படைப்பதற்கு முந்தின சில வாரங்கள் அதைச் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் பார்த்தேன். சிலிண்டர்காரர் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றபோது, இவர் "மொதல்ல அத்த கழட்டு" என்று கத்திவிட்டார். அந்த ஆள் வருஷக்கணக்கில் எங்களுக்கு சிலிண்டர் போடுகிறவர். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. இவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். சமாதானம் போல இருந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்து, ஜெயித்தவர்கள் பட்டாசு வெடித்து, சுவரில் ஒட்டிய போஸ்டரெல்லாம் மழையில் கிழிந்தும் போயிற்று. துப்பாக்கி வரவில்லை. கேட்டால், ஸ்டேஷனில் இன்னும் கொடுக்கவில்லை என்றார். கிளையில் தடியை வைத்துக்கொண்டு நிற்பதாகவும், கம்பெனி இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பீரோவின் கீழ்த்தட்டு காலியாகக் கிடந்தது. அந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வந்த நாளில் எனக்கு அது பிடிக்கவில்லை. பெருக்கும்போதுகூட பீரோவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். இப்போது அது இல்லாத வீட்டில், பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு கொல்லி வீட்டில் கொள்ளை நடந்தது. நான் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். கொல்லி என்றால் எங்கள் பக்கம் பயிர் வைக்கிற நிலம். ஊரை விட்டுத் தள்ளி, கொல்லியிலேயே வீடு கட்டிக்கொண்டு வயசான புருஷன் பெண்சாதி இருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் பெரியவருக்குப் பேச்சுப் போய்விட்டது. அந்த அம்மாளுக்கு இருட்டில் யாரென்று தெரியவில்லை. ஊரில் எல்லோரும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த வீட்டு நாய் குரைக்கவில்லை. அதனால் வந்தவன் தெரிந்தவன்.

அந்த ஒரு பேச்சே சுற்றிலும் இருக்கிற ஊர்களை என்ன செய்ய வேண்டுமோ செய்துவிட்டது. கொல்லி வீடுகளில் இருந்தவர்கள் பக்கத்துக் கொல்லிக்காரனைப் பார்க்கிற பார்வை மாறியது. கூலிக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீரை வாசலிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.

என் அண்ணனும் அண்ணியும் கொல்லி வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணன் மல்லாட்டையும் கரும்பும் வைக்கிறார்; மல்லாட்டை என்றால் நிலக்கடலை. கிழக்கே ஒட்டினாற்போல இருக்கிற கொல்லிக்காரருக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகு அது தீர்ந்திருக்க வேண்டும், பெரிதாகிவிட்டது. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

கொள்ளை நடந்த பிறகு அண்ணன் திண்டிவனத்துக்கு வந்தார். சாதாரணமாக வருகிறவர் இல்லை. காப்பி குடித்துவிட்டு, துப்பாக்கி எப்போது வரும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். வந்ததும் கொஞ்ச நாள் கொல்லியில் வந்து தங்குங்கள், நாலு பேர் பார்க்கிற மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் போதும் என்றார். இவர், அது அப்படி எடுத்துக்கொண்டு திரிகிற சாமான் இல்லை மச்சான் என்று சிரித்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அண்ணன் எனக்கு அடிக்கடி போன் செய்தார். எல்லா விசாரிப்பும் முடிந்து வைக்கப்போகும்போது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்பார்: வந்துச்சா?

ஒரு நாள் பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம், கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பதாக ஆயா வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் அந்தக் கிழக்குக் கொல்லிக்காரர். சின்ன வயசிலிருந்து தெரிந்தவர், அண்ணே என்று கூப்பிட்டுப் பழகினவர். விழுப்புரம் வந்து பஸ் மாறி வந்திருக்கிறார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். மாட்டேன் என்று மரத்தடியிலேயே நின்றார்.

"உங்கண்ணன் ஊர்ல சொல்லிக்கினு திரியறாரும்மா. மாப்ள துப்பாக்கிய என் கையில குடுத்துட்டாரு, இனிமே எவனாவது வரப்புல கால வெச்சா கால் இருக்காதுன்றாரு. மெய்யா?"

இல்லை அண்ணே, துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது, இன்னும் திருப்பித் தரவில்லை என்றேன்.

"எல்லாருக்கும் எப்பவோ குடுத்துட்டாங்களேம்மா. எங்க ரைஸ்மில்காரரு வாங்கியாந்து எவ்ளோ நாளாச்சி. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவும் முடியாது. துப்பாக்கி அண்ணனிடம் இல்லை என்று அடித்துச் சொன்னால், அது இந்தக் கொல்லிக்காரருக்குத் தைரியம் கொடுக்கிற செய்தியாக இருக்குமோ? அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போகத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாரோ? இருக்கிறது என்று சொன்னால் நானே மிரட்டினதாக ஆகும். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் வந்தேன் என்றார். சோறு இருக்கிறது சாப்பிடுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். தண்ணீராவது என்றேன், அதுவும் வேண்டாம் என்றார். அவர் போன பிறகு, அந்தத் தண்ணீரை ஏன் வாங்கிக் குடிக்கவில்லை என்பதே எனக்கு ஒரு யோசனையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய யோசனை வேறு. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் துப்பாக்கியை அண்ணனிடம் கொடுத்துவிட்டாரா? லைசென்ஸ் ஒருவர் பெயரில், துப்பாக்கி இன்னொருவர் கையில் என்றால் அது ஜெயில் சமாசாரம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் விலக்கு விஷயத்தில் பொய் சொன்னவர். அண்ணன் கெஞ்சியிருந்தால்? அன்று சாயங்காலம் அவர் வந்ததும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னா பாக்குற என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். பொம்பளை தனியாக வந்து துப்பாக்கியைப் பற்றி விசாரித்ததில் அங்கிருந்த ரைட்டருக்கு முதலில் ஆச்சரியம். வீட்டில் ஏதாவது தகராறா என்று கேட்டார். இல்லை சார், இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றார். எனக்கு அது போதவில்லை. கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து தூரத்திலிருந்து காட்டினார். மற்றவர்களுடையதெல்லாம் போய்விட, அது மட்டும் சுவரோரம் சாய்ந்து நின்றது. உறையின் வார் அறுந்தபோது நான் நீல நூலால் தைத்திருந்தேன். அந்தத் தையல் தெரிந்தது.

"நாங்களே ஆள் விட்டுக் கூப்ட்டோம்மா. வர்றேன் வர்றேன்றாரு, வரமாட்டேன்றாரு. நீங்களாவது சொல்லுங்க" என்றார் ரைட்டர்.

அண்ணனிடம் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. ஆனால் நடந்து வரும்போதே அது போய்விட்டது. அப்படியானால் எதற்காக ஒருவர் தன் துப்பாக்கியை வாங்காமல் இருப்பார்? வேலையில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? ஒரு தோட்டா கணக்கில் இல்லையா? கம்பெனியிலிருந்தே நிறுத்திவிட்டார்களா, தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேதான் போகிறார்? ஒவ்வொன்றாகத் தோன்றத் தோன்ற, ஒவ்வொன்றையும் நம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உடனே கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும், அதையும் நான் சரிபார்க்கப் போக வேண்டியிருக்கும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பைக்கிலேயே போனோம்.

அண்ணன் கொல்லியைச் சுற்றி முள்கம்பி கட்டியிருந்தார். வாசலில் புதுசாக இரண்டு நாய்கள். எங்களைக் கண்டதும் தாண்டிக் குதித்தன. அண்ணனுக்கு அதில் பெருமை. உள்ளூர் ஆள் ஒருத்தன் கையாலும் இதுகள் சோறு தின்பதில்லை, அப்படிப் பழக்கியிருக்கிறேன் என்றார். அண்ணி கேப்பைக் களியும் கோழிக் குழம்பும் வைத்திருந்தார். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அண்ணன் பேச்சை ஆரம்பித்துவிட்டார். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறாராம், தற்காப்புக்கு என்று. லைசென்ஸ் வந்ததும் மாப்பிள்ளையின் துப்பாக்கியையே முறைப்படி வாங்கிக்கொள்வாராம்.

"அந்தப் பெரியவரு கையில ஒண்ணு இருந்திருந்தா இன்னிக்கி அவரு பேசிக்கினு இருப்பாரு மாப்ள."

"தூங்கறவரு கையில இருக்காது மச்சான், பீரோவுல இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "பீரோ சாவிக்குத்தானே அவனுங்க அடிச்சதே."

அப்படியானால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பேன் என்றார் அண்ணன். தோட்டா போட்டா, போடாமலா என்று இவர் கேட்டார். போட்டுத்தான் என்றார் அண்ணன். ராத்திரி முதலில் எழுந்து நடக்கிறது திருடன் இல்லை, பாத்ரூமுக்குப் போகிற அக்காதான் என்று அண்ணியைக் காட்டினார் இவர். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியோடு நின்றுவிட்டார்.

அண்ணன் விடவில்லை. போலீஸ் விழுப்புரத்திலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, ஊருக்குள் இருப்பவனுக்குச் சத்தம் போட்டால் ஆள் வரும், கொல்லியில் இருப்பவனுக்கு யார் வருவார் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நானும்தான் பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறவளாயிற்றே. பிறகு அண்ணன் காட்டுப் பன்றியைப் பற்றிச் சொன்னார். மல்லாட்டையைத் தோண்டிப் பாழாக்குகிறதாம். பன்றி வருகிறது என்பதும் உண்மைதான், வரும்போதே பார்த்தேன். ஆனால் அவர் பேசப் பேசக் கை ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கிழக்கு.

"அண்ணே, துப்பாக்கி பன்னிக்கா, திருடனுக்கா, இல்ல கெழக்கால கொல்லிக்காரருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பள்ளிக்கு வந்துபோனதைச் சொன்னேன். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்ன வந்து பாத்தானா? அத்த நீ இப்பதான் சொல்ற. நாய் ஏன் கொலைக்கலன்னு யோசிச்சியா? அந்தப் பெரியவரு வூட்டுக்கு இவன் பால் வாங்கப் போய்க்கினு இருந்தவன்."

பால் வாங்கப் போகிறவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர் என்றேன். அண்ணனுக்குக் கோபம் இப்போது இவர் பக்கம் திரும்பியது. பட்டாளத்துக்காரர் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தோம், ஆபத்துக்கு ஒரு இரும்பைக் கொடுக்க இவ்வளவு பயமா என்றார். என் வீட்டுக்காரர் மீதிக் களியையும் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, எழுந்து கை கழுவினார். வர்றோம் மச்சான் என்றார். அவ்வளவுதான்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். வெயில் சரிந்துகொண்டிருந்தது. டீயை வாங்கிக்கொண்டு புளியமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஸ்டேஷனுக்குப் போனதைச் சொன்னேன். ரைட்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தார்.

தேர்தல் அறிவிப்பதற்கு முன்னால் ஒரு நாள், மத்தியான நேரம். கிளையில் ஏழெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். ஒரு சின்ன வயசுக்காரன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையில் ஹெல்மெட், கழற்றவில்லை. கழற்று என்று இவர் சொன்னார், கேட்காததுபோல நடந்தான். நில் என்று கத்தினார், நிற்கவில்லை. நேராகக் கவுன்ட்டர் பக்கம் போய்க்கொண்டே கையைச் சட்டைக்குள் விட்டான். இவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

"சேஃப்டிய எப்போ எடுத்தேன்னே தெரியல. வெரலு உள்ள போயிருச்சி. நான் போடல, அதுவாப் போச்சி. இன்னும் ஒரு மூச்சு அவன் திரும்பாம இருந்திருந்தா சுட்டிருப்பேன்."

அவன் திரும்பினான். திரும்பினதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள் காதில் பாட்டுக் கேட்கிற ஒயர். சட்டைக்குள்ளே அடகுச் சீட்டு. பெண்சாதி சங்கிலியை மீட்க வந்தவன். மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். எழுந்து நின்று இவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், தன் தப்புதான் என்று.

"அவன் மன்னிப்புக் கேட்டது கூடப் பரவால்ல. மேனேஜரு வந்து என் முதுகுல தட்டி, காவல்னா இப்பிடித்தான் இருக்கணும்னாரு. உக்காந்திருந்தவங்க கை தட்டறாங்க. நான் இன்னா பண்ண இருந்தேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல."

பட்டாளத்தில் எதிரே யார் என்று தெரியும் என்றார். இங்கே வருகிறவன் எல்லாம் சங்கிலி வைக்க வருகிறவன், சங்கிலி மீட்க வருகிறவன். அதில் யார் திருடன் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, எல்லோரும் அவனாகவே தெரிய ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு துப்பாக்கியை எடுத்தால் கை நடுங்குகிறதாம். தேர்தல் வந்தது, ஒப்படைக்க ஒரு காரணம் கிடைத்தது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீயும் பயந்துவிடுவாய் என்றார். நான் இத்தனை நாளாக அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. அவர் கையைப் பார்த்தேன். கிளாசைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை, சாதாரணமாகத்தான் இருந்தது. அப்போதும் எனக்குள் ஒன்று, இவர் சொல்வது முழுக்க உண்மைதானா என்று கேட்டது. அந்தக் கிளைக்குப் போய் விசாரித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போகவில்லை. ஸ்டேஷனில் பார்த்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதமே அவர் முறைப்படி எழுதிக் கொடுத்து, லைசென்ஸை ஒப்படைத்துவிட்டார். துப்பாக்கியை, விற்க அனுமதி உள்ள கடைக்கு ஸ்டேஷன் மூலமாகவே அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி இல்லாத காவலாளி கம்பெனிக்கு வேண்டாம். இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறார். வாயில் விசிலோடு அவரைப் பார்க்க முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவருக்கு இல்லை. தெருவில் யாரிடமும் துப்பாக்கி போய்விட்டதைச் சொல்லவில்லை. சொல்லலாமா என்று கேட்டதற்கு, கேட்டால் சொல்லலாம், அதுவரைக்கும் இருக்கட்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. நான் பின்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன்.

கொள்ளையடித்தவர்களையும் பிடித்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் கொல்லிக்கு வேலி போட வந்து, சில நாள் அங்கேயே தங்கி வேலை செய்தவர்கள். நாய்க்குச் சோறு போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். தெரிந்தவன்தான் என்று நான் சொன்னேனே என்றார் அண்ணன் போனில். யாரைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிடிபட்ட பிறகும் அண்ணன் தான் கொடுத்திருந்த துப்பாக்கி மனுவைத் திரும்ப வாங்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் போலீசும் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார்கள். அக்கம்பக்கம் என்றால் கிழக்கே ஒருத்தர்தான். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று அண்ணனும் அண்ணியும் அன்றைக்கெல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அவர், நல்ல மனுஷன், வம்பு தும்புக்குப் போகாதவர், தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் சந்தோஷப்படவில்லை. எனக்குப் போன் செய்து, "ஏன் அப்பிடிச் சொன்னான்?" என்று கேட்டார். நல்லதுதானே சொன்னார் என்றேன். அதுதான் ஏன் என்கிறேன் என்றார். பல நாள் அதே கேள்வி. பிறகு ஒரு நாள் அதே அலுவலர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கிழக்குக் கொல்லிக்காரரும் துப்பாக்கிக்கு மனுக் கொடுத்திருக்கிறார், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்து எனக்குப் போன் போட்டார். நான் என்ன சொல்வது என்று கேட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றேன். எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் கொடுக்கமாட்டார்கள், அவன் சொன்னதைச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்றார். போனைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனார் போல. தூரத்தில் அவர் குரல் கேட்டது. நல்ல ஆளுதான் சார், ஒரு வம்பும் இல்ல என்றார். குரலில் உயிரே இல்லை.

இரண்டு மனுவும் தள்ளுபடியாகிவிட்டன. ஆபத்து என்று சொல்ல இப்போது போதுமான காரணம் இல்லை, கேமரா வையுங்கள் என்றார்களாம். இருவரும் வைத்தார்கள். அண்ணன் கேமரா கிழக்கே பார்த்திருக்கிறது, அவருடையது மேற்கே. ஆனால் மேல்முறையீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே அலைகிறார்கள். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். கிழக்குக் கொல்லிக்காரர் பைக்கில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆரன் அடித்தார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறினார். நாய்கள் இரண்டும் கத்திக்கொண்டே இருந்தன. வக்கீலைப் பார்க்கப் போகிறார்களாம்.

இது நல்லதா, ஒருவரை ஒருவர் கண்ணை விட்டு மறையாமல் வைத்துக்கொள்ளத்தானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அண்ணியிடம் கேட்டேன், அண்ணனிடமும் பைக் இருக்கிறதே, ஏன் எப்போதும் அவர் வண்டியில் பின்னாலேயே உட்கார்ந்து போகிறார் என்று.

அண்ணி காய் உதறுவதை நிறுத்தாமலே சொன்னார். "முன்னாடி உக்காந்து ஓட்டிக்கினு போனா, முதுக காட்டணுமாம்."